தலைப்பிரசவத்துக்கு ஒரு வீடு

என் மகள் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வருவாள் என்று போன வருஷம் ஒரு கட்டில் வாங்கினேன். உயரம் குறைந்த கட்டில். வயிறு தள்ளியவள் ஏறி இறங்கச் சிரமப்படக் கூடாதென்று கடையிலேயே நாலைந்து கட்டில்களில் படுத்து எழுந்து பார்த்துத்தான் வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பட்டப்பகலில் கடைக்குள் கட்டில் கட்டிலாகப் படுத்து எழுந்தால் பார்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

வருவாயா என்று அவளிடம் கேட்கவில்லை. முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது எல்லார் வீட்டிலும் இருக்கிற வழக்கம், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். அது பொய். பயந்துதான் கேட்காமல் இருந்தேன். என் மகளுக்குத் தாய் வீடு என்று இரண்டு உண்டு. ஒன்று மைசூரில் நான் இருக்கும் வீடு. இன்னொன்று கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி என்ற ஊரில் என் அக்காவின் வீடு. இரண்டில் எதற்குப் போவாள் என்பது அந்த ஏழு மாதமும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

இப்படி இரண்டு வீடானதற்கு நான்தான் காரணம். யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

எனக்கு அம்மா இல்லை. என் பதினேழாவது வயதிலேயே போய்விட்டாள். கல்யாணமாகி மைசூருக்கு வந்து நான் உண்டானபோது ஏழாம் மாதம் என்னை அழைத்துப்போக வந்தவள் அக்காதான். கௌதள்ளியில் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், கேழ்வரகும் மக்காச்சோளமும் போடுவார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. மலைக்கோயிலுக்கு அவள் நடக்காத நடை இல்லை. அந்த வீட்டில் இருந்துதான் நான் பெற்றேன். எனக்குப் பத்தியச் சோறு போட்டதும், குழந்தையைக் காலில் போட்டு முதல் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். நான் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

ஐந்தாம் மாதம் குழந்தையோடு மைசூருக்குத் திரும்பினேன். அப்போது அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் இருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. நான் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். இனியும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். குழந்தைக்குப் பதினோரு மாதம் ஆனபோது கௌதள்ளிக்குக் கொண்டுபோய், ஒரே ஒரு வருஷம் வைத்துக்கொள் என்று அக்கா மடியில் விட்டுவிட்டு வந்தேன்.

வேலை தேவையாக இருந்தது உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ் கொள்ளேகால் தாண்டியதும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கித் தின்றேன். பெற்றுவிட்டால் பாசம் தானாக ஊறும் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பால் ஊறியது. பாசம் ஊறியதாக நினைவில்லை. அழுகிற ஒரு ஜீவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். எனக்கு மட்டும் என்ன குறை என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

ஒரு வருஷம் ஐந்து வருஷம் ஆனது. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் கிடைத்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். குழந்தை பேச ஆரம்பித்ததும் அக்காவை அம்மா என்று கூப்பிட்டது. அக்காதான் பதறிப்போய், பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என் கம்பெனிக்குக் கூப்பிட்டாள். பெரியம்மான்னு சொல்லிக் குடுத்தா வாயில வரமாட்டேங்குது, என்ன பண்ணட்டும் என்று கேட்டாள். சூப்பர்வைசர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் பெருந்தன்மையாக, “சொல்லிட்டுப் போறா, விடு. உனக்கும் ஆசையாத்தான் இருக்கும்” என்றேன். சொல்லிவிட்டு ஊதுபத்தி எண்ணப் போனேன். பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு நல்லது செய்துவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

அக்கா அம்மா ஆகிவிட்டால் அம்மாவின் தங்கை யார்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் மகள் உள்ளே பார்த்து, “அம்மா, சித்தி வந்துருக்கா” என்று கத்தினாள். அக்கா கையில் இருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். பிள்ளைகள் பேச்சு, வளர்ந்தால் சரியாகிவிடும் என்றேன். என் பக்கத்தில் வந்த குழந்தை மூக்கைச் சுருக்கிக்கொண்டு, சித்தி மேல சாமி ரூம் வாசம் அடிக்குது என்றது. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாசம் அது. அதற்கும் சிரித்தேன்.

பள்ளிக்கூடம் சேர்க்க வேண்டும் என்று ஆறு வயதில் அழைத்து வந்தோம். அதற்குள் கணவர் பெயரில் இரண்டு அறை உள்ள வாடகை வீடு பார்த்துவிட்டோம், இனி காரணம் சொல்ல முடியாது. அக்கா குழந்தையின் துணிகளை மடித்து மஞ்சள் பையில் வைத்து, தலை பின்னி, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். மைசூரில் யானை பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருந்ததால் குழந்தை சிரித்துக்கொண்டே கையாட்டியது. ஹனூர் வருவதற்குள் என் மடியில் தூங்கிவிட்டது. தூக்கத்தில் அதன் கை மேலே வந்து என் காதைத் தேடியது. அக்காவின் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் அது தூங்கும் என்று எனக்குத் தெரியாது. விரல்கள் என் காதைத் தொட்டுத் தடவிப் பார்த்தன. பிறகு கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. ஆறு வயதுக் குழந்தை தூக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் செய்தேன். ஒரு வருஷம் கௌதள்ளிப் பக்கமே போகக் கூடாது என்றேன். அக்காவைப் பெரியம்மா என்றுதான் சொல்ல வேண்டும், என்னை அம்மா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்றேன். சித்தி என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாளில் வழிக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். என் வயிற்றில் பிறந்தது, என் பிடிவாதம் அதற்கும் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அது என்னை எப்படியும் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டது. பசித்தால் அடுப்படி வாசலில் வந்து நின்று, “சோறு வேணும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லும். தலை பின்ன வேண்டுமானால் சீப்பை என் பக்கத்தில் வைத்துவிட்டு முதுகைக் காட்டி உட்காரும். எட்டு மாதம் அப்படிப் போனது. கணவர் ஒருநாள் என்னிடம், குழந்தையோடு போய் யாராவது மல்லுக்கு நிற்பார்களா என்று கேட்டார். நீங்கள் ஷிப்டுக்குப் போகிற வேலையைப் பாருங்கள் என்றேன்.

ஒன்பதாம் மாதம் ஒரு சாயங்காலம் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, “மம்மி, தண்ணி” என்றாள். எதிர்வீட்டுக் கன்னடப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தன, அவர்கள் வீட்டில் மம்மி டாடிதான். அங்கே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு ஒரே பெருமை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கம்பெனியில் போய், என் பெண் என்னை மம்மி என்று ஸ்டைலாகக் கூப்பிடுகிறாள் என்று எல்லாரிடமும் சொன்னேன். அம்மா என்பதை அவள் இன்னொருத்திக்காகப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, எனக்கு வேறொன்றைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறாள் என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. ஏழு வயதில் அப்படி ஒரு சமாதானம் செய்துகொள்ள அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பதைத் தாண்டிய எனக்குத் தெரியவில்லை.

பாசம் எனக்கு எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியும். அவளுக்குப் பதிமூன்று வயது. கம்பெனியிலிருந்து வந்து அடுப்பில் பாலை வைத்துவிட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பாடப் புத்தகத்தின் மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் பேனா மை. உதட்டுக்கு மேலே புதிதாக ஒரு பரு. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் இருக்க மாட்டேன் என்று தோன்றியது. அப்படி எனக்கு அதற்கு முன்னால் தோன்றியதே இல்லை. அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, பால் பொங்குவதுகூடத் தெரியாமல் என்னடி தூக்கம் என்று அவளைப் பார்த்துக் கத்தினேன். அவள் திடுக்கிட்டு எழுந்து, ஸாரி மம்மி என்று சொல்லிவிட்டுத் துணி எடுத்து அடுப்பைத் துடைத்தாள்.

மற்றவர்களுக்குப் பிரசவ அறையிலேயே வருவது எனக்குப் பதிமூன்று வருஷம் கழித்து வந்தது. வந்ததை என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அதிகாரம் பண்ணத் தெரியும், சமைத்துப் போடத் தெரியும், பரீட்சைக்கு எழுப்பத் தெரியும். அதற்குள் என் மகளும் என்னோடு எப்படி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டு முடித்திருந்தாள். எதிர்த்துப் பேச மாட்டாள். நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள், இந்தக் காலத்தில் பெற்ற அம்மாவுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற பெண்ணைப் பார்க்க முடியுமா என்று மெச்சிவிட்டுப் போவார்கள். நானும் காபி கொடுத்து அனுப்புவேன். லீவு விட்டால் கௌதள்ளிக்குப் போவாள், பள்ளி திறக்கும் முந்தின நாள் வருவாள். படித்தாள், இங்கேயே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள், நாங்கள் பார்த்த பையனைக் கட்டிக்கொண்டாள். பையன் வீட்டாரும் தமிழ் ஆட்கள்தான், குண்டலுபேட்டைப் பக்கம் பூர்வீகம், இப்போது மைசூரில் இருக்கிறார்கள். எதிலும் எனக்கு ஒரு சிரமம் வைக்கவில்லை.

இப்படித்தான் கட்டில் வாங்கினேன். கம்பெனியில் மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்தேன். இருபத்தேழு வருஷத்தில் நான் அவ்வளவு லீவு எடுத்ததில்லை. இந்த முறை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. பத்தியச் சோறு நான் போட வேண்டும். முதல் தண்ணீர் நான் ஊற்ற வேண்டும். எனக்குத் தெரியாததை எல்லாம் கம்பெனியில் இருந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வளைகாப்பு சம்பந்தி வீட்டில் நடந்தது. எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, கை நிறையக் கண்ணாடி வளையலோடு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தான் கௌதள்ளிக்குப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளாம், கொள்ளேகாலில் நல்ல ஆஸ்பத்திரி பார்த்தாயிற்றாம். மைசூரில் இல்லாத ஆஸ்பத்திரியா கொள்ளேகாலில் இருக்கிறது, கௌதள்ளியிலிருந்து அங்கே போவதற்குள் வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆனால் என்ன செய்வது என்று கேட்டேன். நான் கேட்டது நியாயம்தான். அவள் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டாள்.

“அங்க நான் சும்னே இருக்கலாம் மம்மி. இங்க வந்தா நான் உங்களுக்கு மகளா இருக்கணும். அஷ்டே.”

சும்மா இருக்கலாம், அவ்வளவுதான் என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. தலைவலி என்றால் மாத்திரை கேட்பாளே, அந்தக் குரலில்தான் சொன்னாள். எனக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

வீட்டில் வந்து கணவரிடம் கத்தினேன். ஆசையாகக் கட்டில் வாங்கிப் போட்டேனே, அதையாவது நினைத்தாளா என்றேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “அவளுக்குன்னு கட்டில் வாங்கினியா, இல்ல கட்டிலுக்குன்னு அவ வரணுமா?” என்று கேட்டார். அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“என்ற புள்ளய நீ எடுத்துக்கிட்ட” என்றேன்.

அக்கா வீட்டுக் கோழிச் சத்தம் போனில் கேட்டது.

“நா எடுக்கலை. நீ குடுத்த” என்றாள். பிறகு அவளே, “இங்க வர வேண்டாம், உன்ற அம்மா வீட்டுக்குப் போ கண்ணுன்னு நா சொல்லட்டுமா? நா சொன்னா கேப்பா. சொல்லோணும்னா சொல்லு, சொல்லிப்போடறேன்” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்று இதைக் கொஞ்சம் தலைநிமிர்ந்து எழுதியிருப்பேன். நான் “சொல்லு” என்றேன்.

அக்கா சொன்னாள். என் மகள் அந்த வாரக் கடைசியிலேயே இரண்டு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கட்டில் நன்றாக இருக்கிறது, ஏறி இறங்க வசதியாக இருக்கிறது என்றாள். நான் எட்டு ஊருக்குக் கேட்கும்படி சந்தோஷப்பட்டேன். கருப்பட்டி வாங்கினேன், முருங்கைக்கீரைக்கு ஒரு வீட்டில் சொல்லி வைத்தேன், எதிரில் வந்தவர்களிடமெல்லாம் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றேன்.

பத்தொன்பது நாள் இருந்தாள். காலையில் எழுந்ததும் போர்வையை நான்கு மூலையும் சரியாக மடித்துத் தலையணை மேல் வைத்துவிடுவாள், லாட்ஜில் தங்கியவர்கள் அறையைக் காலி செய்கிற மாதிரி. மம்மி, கீசர் போட்டுக்கலாமா என்று கேட்பாள். மம்மி, ஃபேனைக் குறைக்கலாமா என்று கேட்பாள். நான் வைத்த குழம்பு எதுவானாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டு, அந்த வயிற்றோடு எழுந்துபோய்த் தட்டைக் கழுவி வைப்பாள். கழுவாதே என்று சத்தம் போட்டால், சரி மம்மி என்பாள், அடுத்த வேளை திரும்பக் கழுவுவாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நீட்டிய காலை மடக்கிக்கொள்வாள். கால் வீங்கியிருக்கிறதே, நீட்டி உட்கார் என்றால், பரவாயில்லை மம்மி என்பாள். எதைக் குற்றம் என்று பிடிப்பது?

பதினெட்டாம் நாள் மத்தியானம் காயப்போட்ட துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினேன். அவள் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டுப் பாதிப்படியிலேயே நின்றுவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கச் சிரிக்கிற சிரிப்பு. என் வீட்டுக்குள் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, அது யாருடையது என்று ஒரு நொடி எனக்குத் தெரியவில்லை. அக்கா அந்தப் பக்கத்தில் என்ன கிண்டல் செய்தாளோ, “அய்யோ, நீ வாய மூடும்மா, சிரிச்சுச் சிரிச்சு இங்கயே பெத்துப்போடப் போறேன்” என்றாள்.

துணி எடுக்காமல் கீழே இறங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் என் மகள் என்னை ஒரு தடவைகூட வாயை மூடு என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள் எத்தனையோ இருந்தன, நான் வாயை மூடாமல் பேசிய நாட்கள் எத்தனையோ. அவள் சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியாது. சுவரைப் பார்த்துச் சோறு கேட்ட அந்த எட்டு மாதத்தை அவள் மறந்திருக்க மாட்டாள். அடுப்படியில் வெகுநேரம் அழுதேன். அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வெங்காயம் எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் துணியெல்லாம் எடுத்து வை, கௌதள்ளிக்குப் போகலாம் என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“ஏன் மம்மி, நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?”

இருபத்தாறு வயதுப் பெண், நிறைமாதத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, தண்டனை கிடைக்கிறதோ என்று பயப்படுகிறாள். என்னைப் பற்றி அவள் கற்றுக்கொண்டது அதுதான். இல்லை, உனக்கு அங்கே நன்றாக இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. கார் கொள்ளேகால் தாண்டுகிற வரைக்கும் ஓரக்கண்ணால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என் மகள் காரை விட்டு இறங்கி, வழியை மறிக்காதே என்று அவளைச் செல்லமாகத் தள்ளிவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். இதுதானா, வேறு ஒன்றும் செய்யவில்லையா என்று அங்கிருந்தே சண்டை பிடித்தாள். பிறகு வெளியே வந்து, தரையில் சுவரோரம் சாய்ந்து, வீங்கிய இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற டம்ளரில் கொடுத்தாள். என் பக்கத்தில் நின்று மெதுவாக, “நீ அவள பஸ்ஸுல ஏத்திட்டுப் போனன்னிக்கு எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு” என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன். அந்த இருபது வருஷத்தில் உனக்கு எப்படி இருந்தது என்று அவளை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் இருந்து அவளைப் பார்த்துக்கொள், இரண்டு பேருமாகச் செய்யலாம் என்றாள். எனக்கு லீவு இல்லை என்றேன். பையில் லீவு கடிதத்தின் நகல் இருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் என் மகள் காலை மடக்கிக்கொள்வாள் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வது? சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போய் லீவை ரத்து செய்தேன்.

கொள்ளேகால் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு குறையும் இல்லை, சுகப்பிரசவம். மாப்பிள்ளை காலையில் போன் செய்து சொன்னார். அதற்கு முன்பே சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பரவாயில்லை. மகளும் அக்காவும் கௌதள்ளி வீட்டுக்குத் திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரும் நானும் போனோம். முதல் தண்ணீர் அக்கா ஊற்றியாயிற்று. மஞ்சள் வாசத்தோடு குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் என் மகள் தானே எழுந்து வந்து, குழந்தையை வாங்கி என் கையில் வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் அம்மாவைப் பெற்றவளை அம்மிச்சி என்போம். அக்காவை என் மகள் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று வந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மிச்சி துணி கொண்டுவருவா பாரு, அம்மிச்சிகிட்டப் போறியா என்று நொடிக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து, குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, “கண்ணத் தெறந்து பாரு, யாரு வந்துருக்காங்கன்னு. மைசூர் அம்மிச்சி வந்துருக்காங்க” என்றாள்.

அக்கா தலையைத் திருப்பிக்கொண்டாள். கணவர் என்னைப் பார்த்தார். நான் பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்திலேயே குழந்தையை இறக்கி வைத்துவிட்டு, பெற்ற வயிறு எது என்று கேட்டிருப்பேன். ஊர்ப்பெயர் சேர்த்துச் சொன்னால்தான் அடையாளம் தெரிகிற ஆள் நான் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. என் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் கத்தப்போகிறேனோ என்று.

நான் குழந்தையின் பக்கம் குனிந்து, “ஆமா கண்ணு. மைசூர் அம்மிச்சிதான் வந்துருக்கேன்” என்றேன்.